டீச்சர் பதில்கள்: கிணற்றில் போட்ட கல்

கேள்வி: டீச்சர், நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தை மாதம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டு, அப்பாவின் செல்போனில் நேரம் பார்த்தேன். ஒன்றரை விநாடி. சித்திரையில் இரண்டு விநாடி. சூத்திரப்படி புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ல் அரைப்பங்கான 4.9-ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினேன். தண்ணீர் 11 மீட்டரிலிருந்து 19.6 மீட்டருக்கு இறங்கியிருக்கிறது! அன்று முதல் இயற்பியலையும் கணக்கையும் விட்டு எழுந்திருக்க மனமில்லை. வேதியியலில் 52 மார்க்தான். அப்பா இன்ஜினீயரிங் படி என்கிறார். அந்தச் சூத்திரத்தில் 'அரை' ஏன் வருகிறது என்று கேட்டால், மனப்பாடம் பண்ணு என்கிறார்கள். என் ஆசை சரிதானா?

பதில்: தாயி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதே 'அரை' பற்றி உன் வயதில் நானும் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது. அதனால் முதலில் அதற்குப் பதில்.

கல் கையை விடும்போது வேகம் பூஜ்யம். ஒரு விநாடி கழித்து விநாடிக்குச் சுமார் 10 மீட்டர், இரண்டு விநாடி கழித்து 20. கிராப் தாளில் நேரத்தைப் படுக்கையாகவும் வேகத்தை நெடுக்காகவும் குறித்துக்கொள். கோடு சாய்வாக ஏறும். அதற்குக் கீழே அடைபடுவது ஒரு முக்கோணம். அதன் பரப்புதான் கல் விழுந்த தூரம். முக்கோணத்தின் பரப்பு என்ன? அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி அதில் பாதி. உன் 'அரை' அங்கே இருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் பார். முதல் விநாடியில் கல் விழுவது சுமார் 5 மீட்டர், அடுத்த விநாடியில் 15, அதற்கடுத்து 25. ஐந்தால் வகுத்தால் 1, 3, 5. கூட்டிக்கொண்டே போ: 1, 4, 9. எல்லாம் வர்க்க எண்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் கலிலியோ சாய்பலகையில் குண்டுகளை உருட்டிப் பார்த்த வரிசை இதுதான். இதில் எது கணக்கு, எது இயற்பியல் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, உன் 19.6-ஐ அப்படியே நம்பிவிடாதே. தண்ணீரைத் தொடும்போது கல்லின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் இருக்கும். பட்டனை அழுத்த உன் விரல் 0.2 விநாடி தாமதித்தாலே கணக்கில் 4 மீட்டர் பிசகும். சத்தம் மேலே வர 0.06 விநாடி ஆகும், அதற்கும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். பத்துத் தடவை போட்டுச் சராசரி எடு. அப்புறம் வாளிக் கயிற்றை இறக்கி அளந்து பார். கைப்பிடிச் சுவரில் சாயாமல் நில், தாயி, அதில் விளையாட்டு வேண்டாம்.

வேதியியலை விட்டுவிடாதே. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் சேர எழுதும் தேர்வில் அதுவும் உண்டு, உயிரியலும் உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் கணிதத்தையும் இயற்பியலையும் சேர்த்தே பி.எஸ்சி. ஆனர்ஸ் நடத்துகிறது. அதன் நுழைவுத்தேர்வில் விடை மட்டும் போதாது, எப்படி வந்தது என்றும் எழுதிக் காட்ட வேண்டும். அரை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு ஏற்ற தேர்வு. லீவு நாளில் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி, புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

இன்ஜினீயரிங் கெட்ட படிப்பு இல்லை, அப்பா சொல்வதில் பயமும் பாசமும் இருக்கிறது. அவரோடு வாதாடாதே. அடுத்த தடவை கல்லை அவர் கையில் கொடுத்துப் போடச் சொல், நேரத்தை நீ பார், கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டு. கயிற்றை இறக்கும்போது மறுமுனையை அவர் பிடிக்கட்டும். கயிறு எவ்வளவு சொன்னது, கல் எவ்வளவு சொன்னது என்று எனக்கு எழுது.