வாழ்த்து அட்டை ஏன் சுருள்கிறது?

கேள்வி: வீட்டில் செய்யும் கிறிஸ்துமஸ் அட்டை மடிப்பில் வெடிக்கிறது, படம் ஒட்டிய பக்கம் சுருள்கிறது, ஜிகினாவும் உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அட்டையை முதலில் மடிக்காமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வாக்கில்தான் மடிப்பு வரவேண்டும். எதிர்வாக்கில் மடித்தால் நார் ஒடிந்து வெடிக்கும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) அட்டை போதும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்ட பிறகே மடியுங்கள்.

சுருள்வதற்குக் காரணம் வெள்ளைப் பசையிலுள்ள தண்ணீர். ஊறி விரிந்த தாள், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். தாள் ஒட்ட பசைக்குச்சி அல்லது இருபக்க டேப் நல்லது. ஒட்டியதும் கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

ஜிகினாவுக்கு மட்டும் வெள்ளைப் பசைதான் சரி. பல்குத்தும் குச்சியால் பசையை மெல்லிய கோடாக இழுத்து, அதன்மேல் ஜிகினாவைத் தூவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே தட்டி, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். பசை தடித்தால் மேலே காய்ந்தும் அடியில் ஈரம் நிற்கும், அதனால்தான் ஜிகினா உதிர்கிறது.

வடிவம் வேண்டுமா? பழைய பரிசுத்தாளில் 1 செ.மீ. அகலப் பட்டைகளை 8, 7, 6 என 2 செ.மீ. நீளம் வரை வெட்டி, நீளமானது கீழே வரும்படி 2 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் மரம் தயார். இடைவெளி கொஞ்சம் கோணினாலும் அழகுதான்.