பத்து வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தால் அரசு வேலை நிரந்தரமாகுமா?

உங்கள் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஒப்பந்தக் கணினி இயக்குநர். பத்து வருடம் தாண்டினால் நிரந்தரமாக்கியே ஆக வேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை.

நான் ஒரு மாவட்ட அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பலர் உயர் நீதிமன்றம் போய், "மனுவைப் பரிசீலித்து ஆணை பிறப்பிக்கவும்" என்று உத்தரவு வாங்கி, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஸ்வீட்டோடு வருவார்கள். பரிசீலி என்றால் கொடு என்று அர்த்தமில்லை. நிராகரிப்பு ஆணைக்கு வரைவு எழுதியது நான்தான். உமாதேவி வழக்கைச் சொல்லும் ஒரு பத்தி கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பெயரும் தேதியும் மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த உமாதேவி தீர்ப்பு 2006 ஏப்ரல் 10-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்தது. விளம்பரம், போட்டி எதுவும் இல்லாமல் உள்ளே வந்தவரை நிரந்தரமாக்கினால், வெளியே காத்திருப்பவரின் சம வாய்ப்பு பறிபோகும் என்பது அதன் சாரம். அதிலேயே 53-வது பத்தியில் ஒரு விலக்கும் உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடம், உரிய கல்வித் தகுதி, நீதிமன்ற, தீர்ப்பாய உத்தரவுகளின் தயவில்லாமல் பத்து வருடப் பணி, இவை இருந்தால் ஒரே ஒரு முறை வரன்முறைப்படுத்தலாம், அதாவது நிரந்தரமாக்கலாம். ஊரெல்லாம் சொல்லும் "பத்து வருடம்" இங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டில் 2006 பிப்ரவரியில் வந்த அரசாணை 22-ம் 1.1.2006 அன்று பத்து வருடம் முடித்த தினக்கூலிகளுக்குத்தான். உங்கள் கணவர் அதற்கெல்லாம் பிறகு சேர்ந்தவர், அந்த வழி அவருக்கு இல்லை.

480 நாள் கணக்கையும் யாராவது சொல்வார்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்ற 1981-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் நிஜம்தான். ஆனால் அது தொழில் நிறுவனங்களுக்கு. சாதாரண அரசு அலுவலகத்துக்கு நேரடியாகப் பொருந்தாது.

அப்புறம் என்ன கதவு என்றால், 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ வழக்கு. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பல வருடம் செய்தவர்களை 2018-ல் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் கைவிட்டன. உச்ச நீதிமன்றமோ, வேலை நிரந்தரத் தன்மை உள்ளது, தற்காலிகம் என்ற பெயரை வைத்து உழைப்பைச் சுரண்டக் கூடாது, உமாதேவியை ஆயுதமாக்கக் கூடாது என்று சொல்லி நிரந்தரமாக்க உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வழக்கிலும் இதே நோக்கு. அதனால் இன்று வழக்கறிஞரிடம் போனால், எத்தனை வருடம் என்பதைவிட, அந்த வேலை அலுவலகத்துக்கு அன்றாடம் தேவைப்படுகிறதா என்பதை முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை முதலில் பாருங்கள்: சம்பளம் தருவது அலுவலகமா, ஏஜென்சியா? ஏஜென்சி என்றால் வழக்கே வேறு. அந்த ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழிலாளர் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் வந்த நிலை அதுதான்.

நிரந்தரம் கிடைக்காவிட்டாலும், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்தால் அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தைக் கேட்கலாம். 2016-ல் ஜக்ஜித் சிங் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இதை ஏனோ யாரும் கேட்பதே இல்லை.

இரவுக் காவலர் ஒருவர் எங்களிடம் பதினேழு வருடம் இருந்தார். அவர் சேர்ந்த கடிதம் இல்லை, முதல் ஆறு வருட வருகைப் பதிவேடும் இல்லை, பழைய கட்டடத்தில் கரையான் அரித்துவிட்டது. அவர் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று ஆணையில் எழுதினோம். அவர் கையில் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டேதான் நான் அந்த வரியை டைப் செய்தேன். உங்கள் கணவரின் நியமனக் கடிதம், ஒப்பந்த நீட்டிப்பு ஆணைகள், சம்பளம் வந்த வங்கிப் பக்கங்கள், இவற்றை இந்த வாரமே நகலெடுத்து வையுங்கள். இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், வேலையில் இருக்கும்போதே.