மனநல வார்டில் முதல் வாரம்: வாசகர் கேள்வி – பதில்

அடுத்த வாரம் மனநல வார்டு போஸ்டிங். எனக்கு ஒதுக்கும் நோயாளி வாயே திறக்காவிட்டால் ப்ராசஸ் ரெக்கார்டிங்கில் (நோயாளியோடு நடந்த பேச்சை அப்படியே எழுதும் பதிவு) என்ன எழுதுவது?
– பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு மாணவி, தஞ்சாவூர்

அவர் பேசாததை எழுதுங்கள். கண் எங்கே இருந்தது, கை என்ன செய்தது, நீங்கள் உட்கார்ந்ததும் நகர்ந்தாரா, தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் என்று பார்த்தாலே ஒரு பக்கம் நிறையும்.

நேர் எதிரே உட்காராதீர்கள், விசாரணை போல இருக்கும். சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி உட்காருங்கள். கதவு உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆனால் அவர் வெளியே போகும் வழியை நீங்கள் மறிக்கக் கூடாது. பிறகு இவ்வளவு சொன்னால் போதும்: “நான் நர்சிங் மாணவி. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் பத்து மணிக்கு வருவேன், இருபது நிமிஷம் உங்க பக்கத்துல இருப்பேன். பேசியே ஆகணும்னு இல்ல.” இருபது நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள். மறுநாள் பத்து மணிக்குச் சொன்னபடி போய் நில்லுங்கள். மூன்றாம் நாள் அவராகவே “சாப்டாச்சா?” என்று கேட்க வாய்ப்புண்டு. பத்தரைக்குப் போனால் அதுவும் நடக்காது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அண்ணா, அக்கா, தாத்தா என்பது நம் ஊரில் இயல்புதான். ஆனால் முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவருக்கு ‘சார்’தான் பழக்கமாக இருக்கும். ‘நீ, வா, போ’ யாருக்கும் வேண்டாம்.

பேச்சு எங்கே முறிகிறது என்பதற்கு ஓர் உதாரணம்:

நோயாளி: “சோத்துல என்னமோ கலக்குறாங்க.”
மாணவி: “அப்படியெல்லாம் யாரும் கலக்க மாட்டாங்கண்ணா, சாப்பிடுங்க.”
(தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

மாணவி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய நம்பிக்கை வாதத்தால் வந்ததல்ல, வாதத்தால் போகவும் போகாது. ‘ஆமாம், கலக்கிறார்கள்’ என்று ஒத்து ஊதுவதும் தப்பு. பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “அப்படித் தோணும்போது சாப்பிடப் பயமாத்தான் இருக்கும். காலையிலேர்ந்து என்ன சாப்டீங்க?” அதற்குப் பிறகு தோல் உரிக்காத வாழைப்பழம், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், பொதுப் பாத்திரத்திலிருந்து அவரே போட்டுக்கொள்வது என்று வழி பாருங்கள். சாப்பிட மறுப்பவருக்கு மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுக்கும் யோசனையை உறவினர்கள் சொல்வார்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அவர் சந்தேகம் உண்மையாகிவிடும். அப்புறம் சோறும் இல்லை, மாத்திரையும் இல்லை.

ரெக்கார்டை அவர் எதிரே உட்கார்ந்து எழுதாதீர்கள். அறையை விட்டு வந்த அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். அவர் சொன்னது அவர் தமிழிலேயே இருக்கட்டும். “மண்டைக்குள்ள ரேடியோ ஓடுது” என்றவரைப் பற்றி ‘ஆடிட்டரி ஹாலுசினேஷன் உள்ளது’ (இல்லாத ஒலி காதில் கேட்கிறது) என்று எழுதினால், அந்த ரேடியோ அவரைத் திட்டுகிறதா, கட்டளை இடுகிறதா, வெறுமனே பாட்டுப் பாடுகிறதா என்பது காணாமல் போய்விடும். கட்டளையிடும் குரல் என்றால் உடனே வார்டு சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதற்கு ஒரு பத்தி உண்டு. ‘பயமாக இருந்தது’ என்று அதில் எழுதினால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் அந்தப் பத்தி ஏன் இருக்கிறது என்பதை மறந்தவர்.

என் மாணவிகள் எம்.எஸ்.இ.யில் (நோயாளியின் மனநிலைப் பரிசோதனை) எல்லா நோயாளிக்கும் ஒரே வரியை எழுதுகிறார்கள். மூட் சோகம், இன்சைட் (தனக்கு நோய் இருப்பதை உணர்வது) இல்லை, ஜட்ஜ்மென்ட் (முடிவெடுக்கும் திறன்) பாதிப்பு. எப்படி மாற்றுவது?
– நர்சிங் ட்யூட்டர், மதுரை

முதல் மூன்று நாள் கலைச்சொற்களைத் தடை செய்துவிடுங்கள். இரண்டு மாணவிகள் ஒரே நோயாளியைப் பத்து நிமிடம் பார்த்துத் தனித்தனியே எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும். ‘சோகமாக இருந்தார்’ என்று வந்தால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படி எழுதினாய் என்று கேளுங்கள். ‘ஒவ்வொரு பதிலுக்கும் எட்டு, பத்து வினாடி ஆனது, தலை நிமிரவில்லை, குரல் கடைசி வார்த்தையில் தேய்ந்தது’ என்று திரும்ப வரும். கலைச்சொல்லை நான்காம் நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்விகளிலும் கோளாறு இருக்கிறது. பள்ளிக்கே போகாதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் கவனத்தை அளக்கவில்லை, படிப்பை அளக்கிறீர்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். அல்லது ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி என்ன என்று கேளுங்கள். ஆங்கிலப் பழமொழியை மொழிபெயர்த்துப் பொருள் கேட்பதை விட்டுவிட்டு ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ போல அவர் காதில் விழுந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். தெருவில் ஸ்டாம்பு ஒட்டிய கவர் கிடந்தால் என்ன செய்வாய் என்று ஜட்ஜ்மென்டைப் பார்க்கும் பழைய கேள்வி இன்னும் பல ரெக்கார்டுகளில் ஓடுகிறது. இருபது வயதுப் பையன் வாழ்நாளில் ஒரு கவரைத் தபாலில் போட்டிருக்க மாட்டான். மாதக்கணக்கில் வார்டில் இருப்பவருக்குத் தேதி தெரியாததையும் குழப்பம் என்று குறிக்க அவசரப்படாதீர்கள். அந்த வார்டில் காலண்டர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காதில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்பதை உணர, வார்டுக்குப் போகும் முன் வகுப்பிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். மூன்று பேர் வேண்டும். ஒருத்தி கேள்வி கேட்கிறாள், ஒருத்தி பதில் சொல்கிறாள், மூன்றாமவள் சுருட்டிய காகிதக் குழாய் வழியாகப் பதில் சொல்பவளின் காதில் “அவளை நம்பாதே, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறா” என்று கிசுகிசுத்துக்கொண்டே இருக்கிறாள். ஐந்து நிமிடம் போதும். நோயாளி ஏன் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார், ஏன் பாதியில் எரிந்து விழுகிறார் என்பது அதில் பிடிபட்டுவிடும். வீட்டில் மனநோயைப் பார்த்து வளர்ந்த மாணவிகள் வகுப்பில் இருப்பார்கள். காரணம் கேட்காமல் விலகிக்கொள்ள அனுமதியுங்கள். முடிந்ததும் கால் மணி நேரம் பேச விடுங்கள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால், இல்லாதவருக்கும் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடாதா?
– மாணவர், திருச்சி

ஆகாது. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. யாராவது கேட்டார்களே என்று பலருக்கு நிம்மதிதான் வருகிறது. படிப்படியாகப் போங்கள்: “வாழ்ந்து என்ன பிரயோஜனம்னு தோணுதா?” “செத்துப் போயிடலாம்னு நெனச்சதுண்டா?” “எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?” “இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்கீங்களா?” மூன்றாவதற்கோ நான்காவதற்கோ ‘ஆமாம்’ வந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு ஓடாதீர்கள். பக்கத்தில் ஒருவரை இருக்கச் செய்து, பணியிலுள்ள சிஸ்டரிடமும் டாக்டரிடமும் வாயால் சொல்லி, பிறகு எழுதுங்கள். “யார்கிட்டயும் சொல்லாதம்மா” என்று கேட்டால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். “உங்களைப் பாத்துக்கிற டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், மத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன்” என்பதே நேர்மையான பதில்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மனம் தேறுவதற்கு முன்பே உடலில் தெம்பு வந்துவிடலாம். நேற்றுவரை படுத்தே கிடந்தவர் இன்று திடீரென்று தெளிவாக இருந்தால் மகிழ்வதோடு கவனிக்கவும் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கருதுகிறது. எனவே போலீஸ்காரர் தொனியில் கேள்வி வேண்டாம். வீட்டுக்குப் போகும்போது 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எழுதிக் கொடுங்கள்.

மாத்திரை கொடுப்பதில் மனநல வார்டுக்கென்று தனியாக என்ன கவனிக்க வேண்டும்?
– டிப்ளமோ நர்சிங் மாணவி, சேலம்

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், விழுங்கிய பின் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுங்கள். கன்னத்தின் உட்புறமும் நாக்கின் அடியும் பாருங்கள். சேர்த்து வைத்து ஒரே நாளில் விழுங்குபவர்கள் உண்டு.

லித்தியம் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்து. அதன் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலண்ட் வரை ஏற்பு, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கத்திரி வெயிலில் வியர்ப்பது, பேதி, திடீரென்று உப்பைக் குறைப்பது, மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் விழுங்குவது, எல்லாமே லித்தியத்தை உடம்பில் ஏற்றிவிடும். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த டோஸை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால். ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகிக்கொள்ளும். உறவினர் ‘சாமி வந்துருச்சு’ என்பார், அட்டெண்டர் ‘நடிக்கிறான்’ என்பார். இரண்டும் இல்லை, மருந்தின் வேலை. டாக்டர் உத்தரவில் ப்ரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இன்னொன்று, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது. அதை ‘அஜிடேட்டட்’ (கொந்தளிப்பாக இருக்கிறார்) என்று எழுதிவைத்தால் இரவு டாக்டர் அதே மருந்தை ஏற்றுவார், நடை இன்னும் கூடும். “மனசு பதறுதா, கால் மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குதா?” என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதுங்கள்.

மகளை அந்த வார்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பெரும்பாலான நோயாளிகள் யாரையும் அடிப்பதில்லை. மகளுக்குக் கழுத்துச் சங்கிலி, தொங்கும் காதணி வேண்டாம். முடியைக் கொண்டை போடட்டும், ஐடி கார்டுக் கயிறு இழுத்தால் கழன்று வருவதாக இருக்கட்டும். குரல் உயர்ந்தால் அவள் சமாதானம் பேசி நிற்க வேண்டியதில்லை, ஸ்டாஃபைக் கூப்பிட்டுவிட்டு நகர்ந்தால் போதும். நோயாளியைக் கட்டிவைப்பது மாணவியின் வேலையே அல்ல. வேறு வழியே இல்லாத நேரத்தில் மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்து, குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்கிறது சட்டம். தண்டனையாகக் கட்டவே கூடாது. சங்கிலியால் கட்டுவதற்கு எந்த நிலையிலும் இடமில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்ததால் தப்பிக்க முடியாமல் இறந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளில் நோயாளி போன் நம்பர் கேட்டால்?
– மாணவி, வேலூர்

கொடுக்காதீர்கள். ‘நாளைக்கு வர்றேன்’ என்று பொய்யும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை வரைதான் என்பதை முதல் நாளே சொல்லியிருப்பீர்கள், புதன்கிழமை இன்னொரு முறை நினைவூட்டுங்கள். அன்றிலிருந்து சிலர் பேச்சைக் குறைப்பார்கள், சிலர் கோபிப்பார்கள். இரண்டையும் ரெக்கார்டில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த ஷிப்ட் சிஸ்டரை அவர் எதிரிலேயே அழைத்து, ராத்திரி தூக்கம் வராவிட்டால் இவரிடம் சொல்லலாம் என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.