காரில் பாடினவர் எங்கே போனார்?

கேள்வி: ஏ.எல். படிக்கிற காலத்தில் ஜீ.டி.ஏ. 4 என்ற கார் ஓட்டும் வீடியோ கேம் விளையாடினேன். இப்போது திரும்ப இறக்கிப் பார்த்தால், கேமின் கார் ரேடியோவில் வரும் விளாடிவொஸ்தொக் எஃப்.எம். நிலையத்தில் நான் கேட்ட பாட்டுகளைக் காணவில்லை. வேறு ரஷ்யப் பாட்டுகள் போகின்றன. எனக்குத்தான் மறதியா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மறதியில்லை மகன், பாட்டைத்தான் கழற்றிவிட்டார்கள். அந்த கேம் வந்தது 2008 ஏப்ரலில். பல பாட்டுகளுக்கு எழுதிய உரிமம் பத்து வருசத்துக்கு மட்டும். 2018 ஏப்ரலில் தவணை முடிந்ததும் கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் கம்பனி ஒரு அப்டேட் அனுப்பி, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கினவர்களின் கணினியிலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டது. கூடுதலாக அடிபட்டது உங்கள் விளாடிவொஸ்தொக்தான்.

ஒரு பாட்டை கேமில் போட இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். வரியும் மெட்டும் ஒருவர் கையில். பாடிப் பதிந்த அந்த ஒலி இன்னொருவர் கையில். ஒருவர் தலையாட்டி மற்றவர் மறுத்தாலும் காரியம் நடக்காது. தவணை முடிந்தால் இருவருக்கும் திரும்பப் பணம். பத்து வருசப் பழைய கேமுக்கு எந்தக் கணக்குப்பிள்ளை அதைக் கட்டச் சொல்வார்? 2002இல் வந்த, ஜீ.டி.ஏ. வரிசையின் இன்னொரு கேமான வைஸ் சிட்டியிலும் இதே கதைதான். அதன் பிளாஷ் எஃப்.எம். நிலையத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ இருந்தது, பிறகு வந்த பதிப்புகளில் இல்லை.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று பழைய மட்டக்களப்பு ஆட்கள் கேட்பார்கள். எண்பதுகளில் நான், கசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன். கொப்பித்தாளில் பாட்டுப் பட்டியலும் ஒரு தொண்ணூறு நிமிடக் கசட்டும் தருவார்கள். உரிமம் என்ற சொல்லே எங்கள் கடைக்குள் வந்ததில்லை. பதிந்து முடிந்ததும் கசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துக் கொடுப்பேன். மறுகா அதன்மேல் யாரும் தவறுதலாக வேறு பதிய முடியாது. உங்கள் கேமில் உடைக்க அப்படியொரு காது இல்லை. சட்டம் கம்பனி பக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் விற்ற சாமானுக்குள் பத்து வருசம் கழித்துக் கையை விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிளேஸ்டேஷன் 3இன் பழைய டிஸ்க் யாரிடமாவது இருந்தால், அப்டேட் போடாமல் ஓட்டிப் பாருங்கள். பழைய பாட்டுகள் அதில் அப்படியே கிடக்கும்.

கேள்வி: நமது பாட்டுகளை கேமுக்குள் போடலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: கணினியில் ஜீ.டி.ஏ. 5 என்றால் போடலாம். டொக்யுமென்ட்ஸுக்குள் ராக்ஸ்டார் கேம்ஸ், அதற்குள் ஜீ.டி.ஏ. 5, அதற்குள் யூசர் மியூசிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எம்.பி.3களை அங்கே போட்டு, செட்டிங்ஸில் ஓடியோ பக்கம் போய் ஸ்கேன் கொடுங்கள். ‘செல்ஃப் ரேடியோ’ என்று தனி நிலையமே வந்துவிடும். ரேடியோ முறையைத் தெரிவு செய்தால் உங்கள் பாட்டுகளுக்கு நடுவே கேமின் விளம்பரமும் செய்தியும் வந்து விழும்.

என் தங்கச்சியின் மகன், கோயில் முற்றத்தில் ஃபோனில் பதிந்த வடமோடிக் கூத்தைப் போட்டு வைத்திருக்கிறான். கேமின் நகரமான லொஸ் சான்டோஸின் கடற்கரையில் கார் பறக்கிறது, உள்ளே கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டு போடுகிறார். நான் வயிறு நோகச் சிரித்தேன். ஒன்று மட்டும் கவனம் பிள்ளை: சினிமாப் பாட்டோடு விளையாடி யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர் வருவார். கூத்தென்றாலும் அண்ணாவியாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: வைஸ் சிட்டியில் நிலையத்தை மாற்றிவிட்டுத் திரும்ப வந்தால் பாட்டு ஏன் விட்ட இடத்தில் நிற்பதில்லை?
– வாசகர், கல்முனை

பதில்: அதில் ஒவ்வொரு நிலையமும் ஒரே நீளமான ஒலிக் கோப்பு. அது சுற்றிச்சுற்றி ஓடும். நீங்கள் கேட்காத நேரமும் கணக்கில் சேரும். 2004இல் வந்த அடுத்த ஜீ.டி.ஏ. கேமான சான் அண்ட்ரியாஸில்தான் பாட்டையும் அறிவிப்பாளர் பேச்சையும் துண்டாக்கி, மாற்றி மாற்றிக் கோத்தார்கள்.