மாநாட்டில் எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது?

நிலத்தோற்றக் கட்டடக்கலைத் துறையின் மாநாடுகள் பற்றி இம்முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பூங்கா, ஆற்றங்கரை, தெரு, வளாகம் ஆகியவற்றை வடிவமைக்கும் இத்துறையினர் நம்மிடையே எண்ணிக்கையில் குறைவு. ஆகவே அவர்கள் கூடும் சில நாட்களை எப்படிப் பயன்படுத்துவது என்ற கவலை நியாயமானதே.

கேள்வி: சிறிய அலுவலகம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதன்முறையாகப் பன்னாட்டு மாநாடு ஒன்றுக்குச் செல்கிறேன். நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் ஒரே நேரத்தில் ஐந்தாறு அமர்வுகள், கூடவே கண்காட்சி, களப்பயணம், விருந்து என்று நிறைந்து கிடக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் களப்பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் களப்பயணங்களுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். இடம் குறைவு என்பதால் தாமதித்தால் கிடைக்காது. பெரிய அரங்கில் ஒருவர் ஆற்றும் முதன்மை உரையின் சாரத்தை அவருடைய கட்டுரைகளிலிருந்தும் பெற்றுவிடலாம். ஆனால் ஒரு பூங்காவை வரைந்தவர், அதற்கு வெள்ளக் கணக்குப் போட்ட பொறியாளர், இன்று அதைப் பராமரிப்பவர் ஆகியோர் அந்த மண்ணிலேயே நின்று பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு அந்த அரை நாளில்தான் அமையும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பன்னாட்டு நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்கள் கூட்டமைப்பு தன் 2018ஆம் ஆண்டு உலக மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்தியது. அந்த நகருக்குச் செல்லும் இத்துறையினர் அவசியம் பார்க்க வேண்டிய இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்த காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்தெடுத்து, ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து செல்லும் இயற்கை ஆறாக மாற்றினார்கள். புதுப்பித்த பூங்கா 2012இல் திறக்கப்பட்டது. படங்களில் பார்த்தால் அழகான புல்வெளியும் நடுவே ஓடும் நீருமாகத்தான் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு நான் அங்கு நடந்தபோது, எங்களுள் ஒருவர் கரையில் குனிந்து, புல்லை இரண்டு கைகளாலும் விலக்கிக் காட்டினார். அடியில் கற்கள், அவற்றின் இடுக்கிலிருந்து முளைத்து விரல் தடிமனுக்கு வளர்ந்துவிட்ட தண்டுகள், அவற்றைச் சுற்றி இறுகிப் பிடித்திருந்த வேர்கள். கரையைத் தாங்கி நிற்பவை அந்த வேர்கள்தாம். வெப்பமண்டல மழைக்கு எந்த முறை தாங்கும் என்று தெரியாததால், 2009இல் பூங்காவிலேயே ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்க வாய்க்காலில் பத்து விதமான உத்திகளைச் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள் என்பதை அந்த இடத்தில் நின்று கேட்டபோதுதான், எங்கள் ஊரில் சோதனையே இல்லாமல் கரை கட்டும் வழக்கத்தின் விலை எனக்கு உறைத்தது.

“உடைத்த கான்கிரீட் எல்லாம் எங்கே போயிற்று?” என்று என் பக்கத்தில் நின்றவர் கேட்டார். அதன் ஒரு பகுதியைக் குவித்துப் பூங்காவுக்குள்ளேயே குன்று ஒன்றை எழுப்பியிருப்பதைக் காட்டினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரும் நானும் திரும்பும் வழியெல்லாம் இடிபாடுகளை என்ன செய்வது என்பதையே பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பேச்சு இன்றுவரை கடிதங்களில் தொடர்கிறது. அரங்கில் எல்லோரும் திரையை நோக்கி அமர்ந்திருப்பதால் அடுத்த இருக்கைக்காரரிடம் பேசக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. களத்தில் இருவர் ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அறிமுகம் தானாகவே நடந்துவிடுகிறது.

அமர்வுகளைப் பொறுத்தவரை நாளுக்கு இரண்டு போதும். அவற்றுள் ஒன்று உங்கள் அன்றாட வேலைக்கு நேரடியாகப் பயன்படுவதாகவும், மற்றொன்று உங்களுக்குச் சற்றும் பழக்கமில்லாததாகவும் இருக்கட்டும். எஞ்சிய நேரத்தைக் காலியாகவே விடுங்கள். தேநீர் மேசையருகே நடப்பவற்றை நிகழ்ச்சி நிரலில் அச்சிட முடியாது.

கேள்வி: சென்ற ஆண்டு மாநாட்டிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விசிட்டிங் கார்டுகளோடு திரும்பினேன். எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இருவர் மட்டுமே பதில் எழுதினார்கள். மூத்தவர்கள் இளையவர்களை மதிப்பதில்லையோ என்று வருத்தமாக இருக்கிறது.
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. தொடக்க காலத்தில் நானும் ஒரு பெரிய அலுவலகத்தின் தலைவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, என் வரைபடத் தொகுப்பை விரித்துக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அன்று அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். அடுத்த அரங்கில் பேச வேண்டியிருந்தவரை வழிமறித்தது என் பிழை என்பது பிறகே விளங்கியது.

நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” என்ற வரிக்கு எவரும் என்ன பதில் எழுத முடியும்? சந்திப்பதற்கு முன்பே, யாரிடம் எதைக் கேட்பது என்று மூன்று நான்கு பேருக்கு மட்டும் தயாரித்துக்கொள்ளுங்கள். கேள்வி அவர் செய்த வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். “உங்கள் வடிவமைப்புத் தத்துவம் என்ன?” என்று கேட்டால் மேடையில் சொன்னதையே திரும்பச் சொல்வார். “அந்தக் குளக்கரையில் நட்ட மரங்களில் எவை பிழைக்கவில்லை? அவற்றுக்குப் பதிலாக எதை வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், உடன் வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டு நின்று பேசுவார். தாம் தோற்ற இடத்தைப் பற்றி அக்கறையோடு கேட்பவரை எந்த வடிவமைப்பாளரும் மறப்பதில்லை.

பேச்சு முடியும்போது ஒரு சிறு பொருளை வாக்களியுங்கள்: உங்கள் ஊர் வேம்பின் வேர்ப்பரவல் பற்றிய ஒரு படம், ஏரிக்கரைப் பனை வரிசையின் ஒரு குறுக்குவெட்டு வரைபடம், எதுவானாலும் சரி. ஒரு வாரத்துக்குள் அதை அனுப்பிவிடுங்கள். அந்தக் கடிதத்தில் வேலை கேட்காதீர்கள். அதைக் கேட்பதற்கான நாள் பிறகு வரும்.

கேள்வி: கண்காட்சி அரங்கில் நேரம் செலவிடுவது வீண் என்கிறார் என் மேலாளர். உண்மைதானா?
— தோட்டப்பணி ஒப்பந்ததாரர், திருச்சி

பதில்: பை, பேனா வாங்கச் செல்பவருக்கு வீண்தான். ஒப்பந்ததாரராகிய உங்களுக்கோ, மாநாட்டிலேயே பயன் மிகுந்த இடம் அதுவாக இருக்கலாம். நடைபாதைக்கு அடியில் மரவேர்களுக்காகப் புதைக்கும் பிளாஸ்டிக் கூடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே செல்லும் பாரத்தைக் கூடு தாங்கிக்கொள்வதால், உள்ளேயுள்ள மண் இறுகாமல் வேருக்கு இடம் விடுகிறது. இதை விற்பனையாளரே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: “பத்தாம் ஆண்டில் அதற்குள் ஓடும் குடிநீர்க் குழாய் உடைந்தால், வேரை அறுக்காமல் எப்படித் திறப்பது?” நீர் புகும் நடைகற்களை விற்பவரிடம், இடுக்குகளில் நுண்தூசி அடைத்துக்கொண்ட பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும், இயந்திரம் இல்லாத நகராட்சி என்ன செய்யும் என்று கேளுங்கள். விடை தடுமாறினால் அந்தப் பொருளை விட்டுவிடலாம். விடை தெளிவாக வந்தால், அதை எங்கே பதித்திருக்கிறார்கள், அந்தப் பணியைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். எந்த ஊரில் என்ன பணி நடக்கிறது என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. கூட்டம் குறைந்த கடைசி நாள் பிற்பகலில் செல்லுங்கள்.

கேள்வி: மாலை விருந்துகளில்தான் உண்மையான அறிமுகங்கள் நடக்கின்றன என்கிறார்கள். மது பரிமாறும் இடத்தில் தனியாக நிற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. போகாவிட்டால் இழப்பா?
— வாசகி, பெங்களூரு

பதில்: இழப்பு இல்லை. போக விரும்பினால் முதல் அரை மணி நேரத்தில் செல்லுங்கள். அப்போது கூட்டம் குறைவாக இருக்கும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். விரும்பாவிட்டால், காலை நேரத்து நடைகளும் துறைவாரியான சிறு குழுக் கூட்டங்களும் அதே பயனைத் தரும். அமெரிக்கச் சங்கத்தின் மாநாட்டில், துறையிலுள்ள பெண்களுக்கென்றே ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் வழக்கம் உண்டு. 1899இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய பதினொருவருள் ஒரே பெண்ணாக இருந்தவர் பியாட்ரிக்ஸ் ஜோன்ஸ்; பின்னாளில் பியாட்ரிக்ஸ் ஃபராண்ட் என்று அறியப்பட்டவர் அவரே. ஒருத்தியாக நின்ற இடத்தில் இன்று ஒரு குழுவே நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. உங்கள் மாநாட்டில் அப்படி ஒரு நடை இல்லையென்றால், உடன் வரும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு காலை ஆறரை மணிக்கு அருகிலுள்ள பூங்காவுக்கு நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் மாணவி. பதிவுக் கட்டணமே என் இரண்டு மாதச் செலவுக்குச் சமமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மாநாடுகளில் இடம் உண்டா?
— மாணவி, மதுரை

பதில்: உண்டு. பன்னாட்டுக் கூட்டமைப்பே ஒரு மாநாட்டில் பிறந்ததுதான்: 1948இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடியவர்கள் ஜெஃப்ரி ஜெலிக்கோவைத் தலைவராகக் கொண்டு அதை அமைத்தார்கள். அதன் உலக மாநாட்டையொட்டி மாணவர் வடிவமைப்புப் பட்டறை நடப்பது வழக்கம். பல நாட்டு மாணவர்களைக் கலந்து குழுக்களாகப் பிரித்து, மாநாடு நடக்கும் நகரிலேயே ஓர் இடத்தைக் கொடுத்துச் சில நாட்களில் தீர்வு கேட்பார்கள். வட அமெரிக்காவில் மாணவர்களே நடத்தும் லாபாஷ் மாநாடு 1970இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பல்கலைக்கழகம் மாற்றிப் பல்கலைக்கழகமாக நடந்துவருகிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2003இல் தொடங்கிய இந்திய நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்கள் சங்கமும் மாநாடு நடத்துகிறது. மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா, தன்னார்வலர்கள் தேவையா என்று உங்கள் துறைத்தலைவர் வழியாக இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கேட்டு எழுதுங்கள்.

தன்னார்வலராகச் சேர வாய்ப்புக் கிடைத்தால் பதிவு மேசையைக் கேட்டு வாங்குங்கள். பெயர் அட்டையை எடுத்துக் கொடுப்பவருக்கு, வருகிற எல்லோருடைய முகமும் ஊரும் முதல் நாள் காலையிலேயே பழக்கமாகிவிடும். அது கிடைக்காவிட்டால், பேச்சாளர்களை அறையிலிருந்து அரங்குக்கு அழைத்துச் செல்லும் பணியைக் கேளுங்கள். ஐந்து நிமிட நடை அது. அந்த நேரத்தில் அவருக்கு வேறு துணை இருக்காது. உங்கள் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்.