காட்லினில் ‘நல்’ (null) தொல்லை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, காட்லின் நிரல்மொழியில் எழுத்துத் தொடருக்கு ‘ஸ்ட்ரிங்’ என்றும், கேள்விக்குறியோடு ‘ஸ்ட்ரிங்?’ என்றும் இரண்டு வகை இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

பதில்: நல் என்றால் ‘மதிப்பு இல்லை’ என்ற குறி. கேள்விக்குறி இல்லாததில் அதை வைக்கக் கம்பைலர் (நிரலைச் சோதித்து மொழிபெயர்க்கும் கருவி) விடாது. கேள்விக்குறி இருந்தால் மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் நீளத்தைக்கூட நேராகக் கேட்க முடியாது; ?. போட வேண்டும். உள்ளே நல் இருந்தால் விடையும் நல்தான்.

கேள்வி: பிழை என்று சிவப்புக் கோடு வந்தால், ‘இது நல் இல்லை’ என்று அடித்துச் சொல்லும் !! போட்டுவிடுகிறேன். தப்பா?

பதில்: கோடு போகும், பிரச்சினை போகாது. நல் வந்த கணமே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழைதான், நிரல் விழும். மற்றவர் நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் !! கண்ணில் பட்டால் நான் கேட்பது ஒன்றே: இங்கே நல் வராது என்று எப்படித் தெரியும்? பதில் இல்லையென்றால் ?: போட்டு, மதிப்பு இல்லாதபோது என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்போ எல்லா இடத்திலும் ?: போட்டு 0 கொடுத்துவிடலாமா?

பதில்: அது !!-ஐவிட மோசம். !! விழுந்தால் லாக்கில் (பிழைப் பதிவில்) தெரியும். இது சத்தமில்லாமல் பொய் சொல்லும். வங்கி ஆப்பில் சர்வரிடமிருந்து இருப்புத் தொகை வரவில்லை என்று வையுங்கள். நீங்கள் 0 போட்டால் திரையில் ₹0 வரும், பார்க்கிறவருக்கு நெஞ்சே நின்றுவிடும். இருப்பு தெரியாதது வேறு, இருப்பே இல்லாதது வேறு. நல்லைத் திரை வரைக்கும் அப்படியே கொண்டுபோய் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று காட்டுங்கள். முகவரியின் இரண்டாம் வரி போன்றவற்றுக்குக் காலி ஸ்ட்ரிங் தாராளமாக வைக்கலாம்.

கேள்வி: இந்த நல்லைக் கொண்டுவந்த புண்ணியவான் யார்?

பதில்: கணினி அறிவியலாளர் டோனி ஹோர். 1965-இல், அல்கால் டபிள்யூ மொழிக்காக. 2009-இல் லண்டனில் பேசும்போது அவரே அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்றார்.

கேள்வி: நல்லா என்று இஃப் போட்டுச் சோதித்த பிறகும் கம்பைலர் திட்டுகிறதே?

பதில்: அது கிளாஸுக்குள் இருக்கும், மாற்றக்கூடிய வேரியபிளாக இருக்கும். சோதித்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் வேலை) அதை மாற்றிவிடலாம். ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் வேரியபிளில் வாங்கிக்கொண்டு சோதியுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: தரவை வைக்கும் எங்கள் டேட்டா கிளாஸில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. ஆனாலும் நல் வருகிறது!

பதில்: சர்வர் அனுப்பும் ஜேசன் (JSON) வடிவத் தரவைப் படிக்க ஜிசான் (Gson) நூலகம் வைத்திருக்கிறீர்களா? அது ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸுக்குள் புகுந்து கையாளும் முறை) வழியாக ஆப்ஜெக்டைக் கட்டுவதால், காட்லினின் காவலைத் தாண்டி நல்லை உள்ளே வைத்துவிடும். வைத்த இடத்தில் ஒன்றும் ஆகாது. எங்கேயோ நாலு ஃபைல் தள்ளி விழும், தேடித் தேடிக் கண் பூத்துவிடும். காட்லினுக்கென்றே உள்ள காட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் நூலகத்துக்கு மாறினால் ஜேசனைப் படிக்கும்போதே பிழை வரும். ஜாவா நூலகங்களிலும் இதே கதை: நல் வருமா வராதா என்று சொல்லும் அனொடேஷன் குறிப்பு இல்லாவிட்டால் கம்பைலர் கண்டுகொள்ளாது. அங்கிருந்து வாங்கும் வரியிலேயே வகையைக் கேள்விக்குறியோடு நீங்களே எழுதிவிடுங்கள்.