வீட்டுப் பத்திரமும் ஜெர்மனி படிப்பும்

கேள்வி: பி.இ. கடைசி வருடம் படிக்கிறேன். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. "வீட்டை அடமானம் வைக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவர் பயம் நியாயமானது. வாதாடாமல் கணக்கை எழுதிக் காட்டுங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) போடும் 11,904 யூரோவைப் பல பெற்றோர் கட்டணம் என்றே நினைக்கிறார்கள். இல்லை, மாதம் 992 யூரோவாக உங்கள் சாப்பாடு, வாடகைக்கே அது திரும்பி வரும். கல்விக்கடன் என்றால் படிக்கும்போதே வட்டி ஏறும். அதை யார் கட்டுவது என்று இப்போதே பேசிவிடுங்கள். பகுதிநேர வேலையை வரவுப் பக்கம் எழுதவே வேண்டாம். ஜெர்மன் பேசத் தெரியாமல் முதல் மாதங்களில் வேலை கிடைப்பது கஷ்டம்.